தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கணவன், மனைவி, எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன், எழுபது வயது அம்மா. வீட்டில் ஒரே ஒரு ஸ்கூட்டர். சென்னையின் தெற்குப் புறநகரில் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பக்கம் வீடு பார்க்கிறீர்கள். தரகர் "ஸ்டேஷனுக்குப் பத்து நிமிட நடைதான் சார்" என்கிறார். கார் வாங்காமல், இன்னொரு வண்டியும் வாங்காமல், நடையும் சைக்கிளும் பஸ்ஸும் ரயிலுமாக அங்கே காலம் தள்ள முடியுமா?

முடியும். நான் குரோம்பேட்டையில் முப்பது வருடமாக அப்படித்தான் தள்ளிக்கொண்டிருக்கிறேன். பிழைப்புக்குச் சாலை அளந்தவன் என்பதால் கொஞ்சம் கணக்கும் தெரியும். ஆனால் தரகரிடம் நீங்கள் கேட்கும் கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டு ஒரு பயனும் இல்லை. பள்ளிக்கூடம், காய்கறிக்கடை, டாக்டர், ஸ்டேஷன், இந்த நான்குக்கும் போக தண்டவாளத்தையும், ஜி.எஸ்.டி. சாலை என்கிற பெரிய நெடுஞ்சாலையையும் எத்தனை தடவை கடக்கவேண்டும் என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர் திணறினால், கடப்பு நிறைய என்று அர்த்தம்.

பரங்கிமலையிலிருந்து தாம்பரம் வரை சாலையும் ரயில்பாதையும் ஒன்றையொன்று உரசாத குறையாக ஓடுகின்றன. சாலை மேற்கே, தண்டவாளம் கிழக்கே. இரண்டும் சேர்ந்து வழியில் உள்ள ஒவ்வொரு ஊரையும் வகிடு எடுத்ததுபோல் பிரித்து வைத்திருக்கின்றன. அதனால்தான் இங்கே முகவரி கேட்டால் தாம்பரம் என்று மட்டும் சொன்னால் போதாது. கிழக்கா, மேற்கா என்ற அடுத்த கேள்வி கூடவே வரும். எங்கள் வீட்டில் "அந்தப் பக்கம் போகணும்" என்று யாராவது சொன்னால், அதோடு ஒரு பெருமூச்சும் சேர்ந்து வரும்.

இத்தனைக்கும் இந்த ஊர்கள் நடப்பவர்களை நம்பி வளர்ந்தவை. சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931ல். மீட்டர் கேஜ் காலம். ஸ்டேஷனைச் சுற்றிக் கடைவீதி, அதைச் சுற்றிக் காலனி, வீட்டிலிருந்து டிபன் கேரியரோடு நடந்து வந்து ரயில் பிடிக்கலாம், அவ்வளவுதான் திட்டம். பழைய காலனிகளின் தெருக்கள் இன்றும் அதற்குச் சாட்சி. நேர்நேராக, சின்னச் சின்னதாக, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகக் குறுக்குத் தெருக்களோடு இருக்கும். நங்கநல்லூரிலும் பழைய குரோம்பேட்டையிலும் போய்ப் பாருங்கள். பின்னால் ஏரிக்கரை, வயல்வெளிகளில் முளைத்த நகர்களில் இந்த வசதி கிடையாது. ஒவ்வொரு மனைப்பிரிவையும் தனித்தனியாகப் போட்டதால் ஒரு நகரின் கடைசித் தெரு அடுத்த நகரின் மதிலில் போய் முட்டி நிற்கும். பறந்தால் நூறு மீட்டர், நடந்தால் அறுநூறு. வரைபடத்தில் தெரியாத இந்தச் சங்கடம் நடந்து பார்த்தால்தான் தெரியும்.

கடப்புக்கு வருகிறேன். மின்சாரக் கம்பி போகும் பாதைக்கு மேலே பாலம் கட்டவேண்டுமானால் தண்டவாளத்திலிருந்து ஆறு மீட்டருக்கு மேல் உயரம் விடவேண்டும். ஒரு படி 15 செ.மீ. என்று வைத்தால் நாற்பது படிக்குக் குறையாது. ஏற நாற்பது, இறங்க நாற்பது. உங்களுக்கு அது ஒரு நிமிடம். முட்டிவலி உள்ள அம்மாவுக்கு அது ஒரு மலைக்கோவில். சில நிலையங்களில் நகரும் படிக்கட்டும் லிஃப்ட்டும் இருக்கின்றன, ஓடும்போது நன்றாகவே இருக்கும். ஆனால் அது நின்றுபோன நாளில் அம்மா என்ன செய்வார் என்பதையும் யோசித்து வையுங்கள்.

தண்டவாளத்தைக் கடந்தால் ஜி.எஸ்.டி. காத்திருக்கிறது. ஒரு தடத்துக்கு மூன்றரை மீட்டர் என்று எட்டுத் தடம் போட்டால் 28 மீட்டர், நடுத்திட்டையும் சேர்த்தால் முப்பது. சிக்னல் கணக்குப் போடும்போது மனிதர் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அப்படியானால் 25 வினாடி பச்சை வேண்டும். எழுபது வயதுக்காரர் அந்த வேகத்தில் நடக்கமாட்டார். 0.8 மீட்டர் என்று வைத்தால் 37 வினாடிக்கு மேல் ஆகும். அவருக்காக நடுத்திட்டில் நிற்க இடம் விட்டிருந்தால் இரண்டு தவணையில் கடந்துவிடலாம். பல இடங்களில் அந்தத் திட்டு ஒரு கால் வைக்கும் அகலம்தான், அதிலும் செடி நட்டிருப்பார்கள்.

ஏன் இது சரியாவதே இல்லை என்று என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். தண்டவாளம் ரயில்வேயுடையது, பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, ஸ்டேஷனுக்கு வரும் தெரு மாநகராட்சியுடையது. மூன்று பேரும் அவரவர் எல்லைக்குள் ஒழுங்காகத்தான் வேலை செய்வார்கள். நடப்பவனோ ஐந்து நிமிடத்துக்குள் மூன்று எல்லையையும் தாண்டுகிறான். ரயில்வே பாலத்தின் படி எங்கே இறங்குகிறதோ அங்கே நெடுஞ்சாலையின் நடைபாலம் ஏறாது, நாற்பது மீட்டர் தள்ளி ஏறும். அந்த நாற்பது மீட்டரில் பூக்கடை, ஷேர் ஆட்டோ, திறந்த வடிகால்.

லெவல் கிராசிங் கேட் இருந்த காலத்தில் இன்னொரு கூத்து. இரண்டு பக்கமும் லோக்கல் ரயில், நடுவில் எக்ஸ்பிரஸ். கேட் திறந்திருக்கும் நேரத்தைவிட மூடியிருக்கும் நேரமே அதிகம். சைக்கிளைச் சாய்த்து, குனிந்து, கேட்டுக்கு அடியில் நுழைத்து எடுத்துப் போவதை எங்கள் தெருப் பையன்கள் ஒரு கலையாகவே வளர்த்திருந்தார்கள். நானும் செய்திருக்கிறேன், பெருமையாகச் சொல்லவில்லை. ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147ன்படி அனுமதியில்லாமல் தண்டவாளத்துக்குள் நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தைவிட ரயில்தான் பயம். மின்ரயில் சத்தமில்லாமல் வரும், ஒன்று போனதும் எதிர்ப்பக்கம் இன்னொன்று வரும். காதில் இயர்போனோடு கடப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. உங்கள் பையனிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பள்ளிக்கூடம் எதிர்ப்பக்கம் என்றால், நண்பர்களோடு சேர்ந்து அவனும் குறுக்கு வழி கண்டுபிடிப்பான்.

கேட்டை மூடிவிட்டுச் சுரங்கப்பாதையோ மேம்பாலமோ கட்டும்போது வண்டிக்காரருக்கு வரமாக இருப்பது நடப்பவருக்குச் சுற்றாகிவிடுகிறது. மேம்பாலம் ஒரு தெரு தள்ளி ஏறி இரண்டு தெரு தள்ளி இறங்கும். மோட்டார் சைக்கிளுக்கு அது அரை நிமிடம், கைப்பையில் ஐந்து கிலோ அரிசியோடு நடப்பவருக்குக் கால்மணி நேரம். நகருக்கு உள்பக்கம் நங்கநல்லூரைப் பாருங்கள். ஊர் தண்டவாளத்துக்குக் கிழக்கே இருக்கிறது, 2016ல் விமான நிலையம் வரை வந்த மெட்ரோவோ ஜி.எஸ்.டி. மேலே போகிறது. மெட்ரோ பிடிக்க பழவந்தாங்கல் சுரங்கப்பாதைதான் பலருக்கு வழி. ஒரு பெருமழை பெய்தால் அதில் தண்ணீர் நின்றுவிடும். கண்ணுக்கு எட்டும் மெட்ரோ அன்றைக்குக் காலுக்கு எட்டாது.

இதற்கு நேர்மாறான காட்சியையும் சொல்லவேண்டும். காலை நேரத்தில் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கிப் பாருங்கள். 1984ல் தொடங்கிய ஏற்றுமதி வளாகம், எங்கள் வாயில் "மெப்ஸ்", சாலைக்கு மேற்கே இருக்கிறது. ரயிலிலிருந்து கொத்துக்கொத்தாகப் பெண்கள் இறங்கி, கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பையோடு நடந்து போவார்கள். வண்டிக்கே வேலையில்லை. ஸ்டேஷனுக்கும் வேலையிடத்துக்கும் இடையே வழி நேராக அமைந்துவிட்டால் நம் ஜனங்கள் தாராளமாக நடப்பார்கள் என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டாம். நம்மவர்களுக்கு நடக்கச் சோம்பல் என்று சொல்பவர்களை அங்கே ஒருநாள் கூட்டிப்போக ஆசை.

சரி, உள்தெருக்கள். இங்கேதான் புறநகர் உங்களுக்குப் பிடித்துப்போகும். பெரிய சாலையை விட்டு இரண்டு தெரு உள்ளே வந்துவிட்டால் போதும், காலை ஆறரைக்குக் கோலம், பால் பாக்கெட், காய்கறித் தள்ளுவண்டி, நடைப்பயிற்சிக்காரர்கள் என்று தெரு மனிதர்களுடையதாக இருக்கும். நடைபாதை இருக்காது. இருந்தால் அது பெரும்பாலும் மழைநீர் வடிகாலின் மூடிதான். நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், விளிம்பு உயரம் 15 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி சொல்கிறது. எங்கள் வடிகால் மூடி சில இடத்தில் முழங்கால் உயரம். வீட்டுக்கு வீடு வண்டி ஏறச் சரிவு போட்டிருப்பதால் அதில் நடந்தால் ஒட்டகத்தின் மேல் போவதுபோல் இருக்கும். ஆகவே எல்லாரும் தெருவிலேயே நடக்கிறோம். உள்தெருவில் அது தப்பும் இல்லை. வண்டி மெதுவாக வரும்வரை தெரு பொதுவாக இருப்பதே நல்லது என்பது என் கட்சி.

தெரு உயர்ந்துகொண்டே போவது இன்னொரு வியாதி. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீடுகள் இப்போது இரண்டு படி இறங்கிப் போகும்படி ஆகிவிட்டன. சுரண்டிவிட்டுத்தான் போடவேண்டும் என்று 2021ல் தலைமைச் செயலரே அறிவுறுத்தினார். நீங்கள் பார்க்கும் தெருவில் வாசற்படியையும் சாலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், அம்மா எந்தப் பக்கம் வழுக்குவார் என்று இரண்டும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். மேற்குத் தாம்பரம் பக்கம் முடிச்சூர், வரதராஜபுரம் என்று அடையாறு ஓரமாகப் பார்ப்பதானால், 2015 டிசம்பரில் அங்கே படகு ஓடியதை அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

நிழலும் முக்கியம். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் ஒரே பகலில் எங்கள் தெருவின் தூங்குமூஞ்சி மரங்களைச் சாய்த்துவிட்டது. அதுவரை பதினொரு மணிக்குக்கூடக் கடைக்கு நடந்து போனவர்கள் அதன்பிறகு ஸ்கூட்டரை எடுக்க ஆரம்பித்தார்கள். தூரம் மாறவில்லை, வெயில் மாறியது. ஆகையால் வீடு பார்க்கும்போது மரம் இருக்கும் தெருவுக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போடுங்கள்.

சைக்கிள். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949லிருந்து இருக்கிறது. ஊருக்கே சைக்கிள் செய்து கொடுத்த நகரம் இது. எங்கள் பிள்ளைப்பருவத்தில் மணிக்கணக்கு வாடகைக் கடையில் சைக்கிள் எடுத்து, குரங்குப் பெடல் போட்டுத்தான் எல்லாரும் பழகினோம். இப்போதும் சைக்கிள் ஒழிந்துபோகவில்லை, கண்ணில் படுவதுதான் குறைந்துவிட்டது. விடியற்காலையில் பேப்பர் போடுபவர், கேனில் டீ விற்பவர், கோலமாவுக்காரர், கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத்துப் பையன்கள், வாட்ச்மேன்கள், பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளில் போகும் பிள்ளைகள், இவர்கள்தான் புறநகரின் சைக்கிள்காரர்கள். அந்த இலவச சைக்கிள் திட்டம் 2001-02ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிப் பிறகு மற்றவர்களுக்கும் விரிந்தது. பெண்பிள்ளைகள் தனியாக, கூட்டமாகப் பள்ளிக்குச் சைக்கிளில் போவது சாதாரணக் காட்சியானதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் சைக்கிள் பாதை பற்றிப் பேச்சு வந்தால் ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட்டும் கியர் சைக்கிளுமாக வருபவர்களின் படத்தைத்தான் போடுகிறார்கள். டீக்கேன்காரரை யாரும் படம் எடுப்பதில்லை.

சென்னை மாநகராட்சி 2014ல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையே கொண்டுவந்தது. சாலைக்கான பணத்தில் 60 சதவீதம் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் என்றது. நல்ல எண்ணம். ஆனால் பல்லாவரமும் தாம்பரமும் அப்போது தனித்தனி நகராட்சிகள், அந்தக் கொள்கைக்கு வெளியே. தாம்பரம் மாநகராட்சி உருவானதே 2021ல். 2019ல் பாண்டி பஜாரில் திறந்த அகலமான நடைபாதையைப் பார்க்க நாங்கள் ரயிலேறி மாம்பலம் போய் நடந்துவிட்டு வருவோம்.

உங்கள் பையனுக்கு நடைமுறையில் என் யோசனை இது. ஜி.எஸ்.டி.யில் சைக்கிள் வேண்டவே வேண்டாம், வேளச்சேரி சாலையிலும் வேண்டாம். அவற்றுக்கு இணையாக ஓடும் உள்தெருக்களைக் கோத்து ஒரு வழி கண்டுபிடியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களும் கூடவே ஓட்டிப் பாருங்கள். ஒன்றரை கிலோமீட்டர் நடக்க இருபது நிமிடம் என்றால் சைக்கிளில் ஏழெட்டு நிமிடம். பள்ளி உங்கள் பக்கத்திலேயே இருந்தால் அவன் தன்னால் போய்வருவான், உங்களுக்குத் தினமும் இரண்டு நடை மிச்சம். பள்ளி எதிர்ப்பக்கம் என்றால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நாற்பது படி ஏறமுடியாது. படியோரமாகச் சக்கரத்தை உருட்ட ஒரு சிமென்ட் பள்ளம் போட்டால் போதும், பெரிய செலவே இல்லை. நடைபாலம் வரைபவர்களுக்கு இது ஏன் தோன்றுவதில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அம்மாவுக்கு பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குப் பயணம் இலவசம். இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது ஆண்களுக்கு அவ்வளவாகப் புரியாது. முன்பெல்லாம் ஒரு ஸ்டாப்புக்காக யார் காசு கொடுப்பது என்று வெயிலில் நடப்பார்கள், அல்லது மகன் வரும்வரை காத்திருப்பார்கள். இப்போது என் மனைவி கோவிலுக்கு ஒரு ஸ்டாப், அங்கிருந்து மார்க்கெட்டுக்கு ஒரு ஸ்டாப், அப்புறம் தங்கை வீட்டுக்கு இரண்டு ஸ்டாப் என்று ஒரே பகலில் நான்கு பஸ் ஏறி இறங்கி வருகிறார். படி உயரம்தான் வயதானவர்களுக்குத் தொல்லை. 2024லிருந்து தாழ்தளப் பஸ்கள் மறுபடி வந்திருக்கின்றன, உங்கள் ரூட்டில் ஓடுகிறதா என்று பாருங்கள். 2013ல் அறிமுகமான சிற்றுந்துகளும் உள்சாலைகளில் போகும். அவற்றின் எண் எஸ் என்ற எழுத்தில் தொடங்கும். நேரம் பழக ஒரு மாதம் ஆகும். பழகிவிட்டால் நடத்துநர் அம்மாவை "என்ன பாட்டி, நேத்து காணோம்?" என்று கேட்பார்.

பஸ் வராத இடத்தை ஷேர் ஆட்டோ நிரப்புகிறது. நான்கு பேர் உட்காரும் இடத்தில் ஆறு பேர், முன்சீட்டில் டிரைவருக்கு இரண்டு பக்கமும் ஆள். பாதுகாப்பு என்று பார்த்தால் நான் பரிந்துரைக்கக் கூடாது, ஆனால் இரவு ஒன்பதரைக்கு ரயில் இறங்கி, விளக்கு மங்கிய சுரங்கப்பாதையைத் தாண்டி வரும் பெண்களுக்கு அந்த நாலு பேர் கூட்டம்தான் துணை. உங்கள் மனைவி வேலைக்குப் போகிறவர் என்றால், ஸ்டேஷனில் அவர் இறங்கும் பக்கத்திலேயே ஷேர் ஆட்டோ கிடைக்கிறதா என்பதை வாடகைக்கும் மேலான விஷயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆக, வீட்டைப் பார்க்க மூன்று தடவை போங்கள். வேலைநாளில் காலை எட்டேகாலுக்கு ஒரு தடவை, வீட்டு வாசலிலிருந்து பிளாட்பாரம் வரை கடிகாரம் பார்த்து நடந்து. இரவு ஒன்பதரைக்கு ஒரு தடவை, உங்கள் மனைவியோடு, எதிர்த்திசையில். ஐப்பசி, கார்த்திகையில் பெருமழைக்கு மறுநாள் ஒரு தடவை, சுரங்கப்பாதையையும் தெருவையும் பார்க்க. பல்லாவரம் என்றால் வெள்ளிக்கிழமை போகாதீர்கள், அன்றைக்குச் சந்தை, எந்தக் கணக்கும் நிற்காது. அது நல்ல சந்தை, பழைய தையல் மிஷினிலிருந்து நாற்றுச் செடி வரை கிடைக்கும், ஆனால் தூரம் அளக்க ஏற்ற நாள் இல்லை.

இரண்டு வீடு பிடித்து, ஒன்று ஸ்டேஷனிலிருந்து 600 மீட்டரில் எதிர்ப்பக்கம், மற்றது 1,500 மீட்டரில் பள்ளியும் கடையும் டாக்டரும் இருக்கும் பக்கம் என்றால், நான் யோசிக்காமல் இரண்டாவதைத்தான் எடுப்பேன். ஸ்டேஷனுக்கு நீங்கள் இருவரும்தான் போகிறீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் அம்மாவும் பையனும் தினமும் போகவேண்டும்.

பையனுக்குச் சைக்கிள் வாங்கும்போது கியர் கேட்பான். இந்த ஊரில் ஏற்றம் என்றால் மேம்பாலம் மட்டும்தான், அதில் அவனை விடப்போவதில்லை. கேரியரும் மட்கார்டும் உள்ள சாதாரணச் சைக்கிள் போதும், பஞ்சர் கடைக்காரரும் முகம் சுளிக்காமல் பார்ப்பார். மிச்சப் பணத்தில் ஒரு நல்ல பூட்டு வாங்கி, சக்கரத்தோடு சேர்த்து பிரேமையும் கம்பியோடு பூட்டச் சொல்லுங்கள். ஸ்டேஷன் ஸ்டாண்டில் வெறும் சக்கரத்தை மட்டும் பூட்டிவிட்டுப் போய், மாலையில் சக்கரத்தோடு மட்டும் வீட்டுக்கு நடந்து வந்தவன் நான்.